சம சம்பளச் சட்டம் முதலாளியிடம் என்ன கேட்கிறது?

ஒரே வேலை பார்க்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் தர வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் வந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். கட்டட வேலையில் சித்தாளுக்கு ஒரு கூலி, அவளோடு சேர்ந்து அதே மணலையும் கலவையையும் தூக்கும் ஆணுக்கு வேறு கூலி என்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். சட்டம் இருந்தும் இது எப்படி என்று கேட்டால், ‘யார் அமல்படுத்துகிறார்கள்?’ என்று ஒரே வரியில் பதில் வரும். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. மீதிக் காரணம் சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் வேலையை வேலையோடு ஒப்பிடுகிறது. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் அதற்குக் கை இல்லை. முதலாளிகளுக்கு இது வெகு சீக்கிரமே புரிந்துவிட்டது.

அரசியல் சாசனத்தின் 39-ஆவது பிரிவு, சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி அரசு தன் கொள்கையை நடத்த வேண்டும் என்று 1950-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அது வழிகாட்டு நெறி. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி தன் முதலாளிமீது வழக்குப் போட முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்று உறுதி செய்தது. அதற்குப் பிறகும் 17 ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. பெண்களின் நிலையை ஆராய்ந்த மத்திய அரசுக் குழு 1974-இல் அறிக்கை கொடுத்தது. 1975-ஐ ஐ.நா. சபை சர்வதேசப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். 1976 பிப்ரவரியில் அது சம ஊதியச் சட்டமாயிற்று. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலம். இருந்த உரிமைகள் பலவும் முடங்கிக் கிடந்தபோது புதிதாக ஓர் உரிமை வந்து சேர்ந்தது ஒரு விசித்திரம்தான்.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே நாளில் அது வந்துவிடவில்லை. மூன்று ஆண்டுக்குள், தொழில் தொழிலாக அரசு அறிவித்துக்கொண்டே வரலாம் என்று ஏற்பாடு.

முதலாளிக்கு இதனால் என்ன மாறியது? முதலாவது, ஒரே வேலைக்கோ ஒரே மாதிரியான வேலைக்கோ பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. இது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அடுத்து வந்ததுதான் முதலாளிகளைச் சுட்டது: சமன் செய்கிறேன் என்று ஆணின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. எது கூடுதலோ அந்த விகிதத்துக்கு மற்றவரை ஏற்ற வேண்டும். ஆணுக்கு எட்டு ரூபாய், பெண்ணுக்கு ஐந்து ரூபாய் என்றிருந்தால் இருவருக்கும் ஆறரை என்று பஞ்சாயத்துப் பேச முடியாது, எட்டுதான். அதாவது முழுச் செலவும் முதலாளியின் தலையில். ‘அப்படியானால் பெண்களையே எடுக்க மாட்டோம்’ என்று அவர் கிளம்பிவிடக் கூடாதே. அதற்காக ஆள் எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்று தனிப் பிரிவு வைத்தார்கள். 1987 திருத்தம் அதைப் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் வரை நீட்டியது. தண்டனையையும் கூட்டியது: 10,000 ரூபாய்க்குக் குறையாத, 20,000 வரை போகக்கூடிய அபராதம், அல்லது மூன்று மாதத்துக்குக் குறையாத சிறை, அல்லது இரண்டும்.

கடைசியாக ஒரு பதிவேடு. விதிகளில் ‘டி’ படிவம் என்று பெயர். என்னைக் கேட்டால் சட்டத்தின் உயிர் அதில்தான் இருந்தது. தொழிலாளர் வகை, அவர்கள் செய்யும் வேலையைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வரி, அந்த வகையில் எத்தனை ஆண், எத்தனை பெண், சம்பள விகிதம் என்ன, அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டியிருந்தது. ‘வேலையின் சுருக்கம்’ என்ற கட்டத்தில் இரண்டு வரிசைக்கு ஒரே வாசகத்தை எழுதிவிட்டு, சம்பளக் கட்டத்தில் இரண்டு எண்களைப் போட எந்தக் கணக்கருக்கும் கை கூசும். எனவே பல இடங்களில் சம்பளத்துக்குப் பதிலாக வாசகம் மாறியது.

சட்டத்தில் ‘ஒரே மாதிரியான வேலை’ என்பதற்கு விளக்கம் இருந்தது. ஒரே மாதிரியான வேலைச் சூழலில், தேவைப்படும் திறமையும் உழைப்பும் பொறுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்னச் சின்ன வேறுபாடு இருந்தாலும் நடைமுறையில் அது பெரிதாக இருக்கக் கூடாது. நல்ல விளக்கம்தான். இதை உச்ச நீதிமன்றம் உரசிப் பார்த்த வழக்கு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெக்கின்னன் மெக்கன்சி என்ற பழைய கப்பல் நிறுவனம். மும்பை அலுவலகத்தில் ஆண் சுருக்கெழுத்தாளர்களும் இருந்தார்கள். மேலதிகாரிகளுக்கு அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்களாகப் பெண்களும் இருந்தார்கள். பெண்களுக்குச் சம்பளம் குறைவு. 1977 ஜூனில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், அவசரச் சட்டம் வந்த பிறகான காலத்துக்கு வித்தியாசத் தொகையைக் கேட்டுத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போட்டார். முதல் அதிகாரி தள்ளிவிட்டார். மேல்முறையீட்டில் ஜெயித்தார். கிடைக்க வேண்டிய பாக்கி ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்த ஏழாயிரத்தைக் கொடுக்க மனமில்லாமல் நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியிடமும், பிறகு இரு நீதிபதிகள் அமர்விலும் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு 1987 மார்ச்சில்.

நிறுவனத்தின் வாதங்களைப் படித்தால் இன்றைய மனிதவளத் துறை அதிகாரிகள் பேசுவது போலவே இருக்கும். அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர் வேலையில் ஆண்களே கிடையாது, பிறகு யாரோடு ஒப்பிடுவது என்றது. அங்கே பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் நீங்கள் அப்படி வைத்திருப்பதால்தான், மற்ற ஆண் சுருக்கெழுத்தாளர்கள் செய்வதும் இதே வேலைதானே என்றது நீதிமன்றம். சம்பளம் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி வந்தது என்றது நிறுவனம். சட்டத்தை மீற ஒப்பந்தம் ஒரு சாக்காகாது என்பது பதில். கடைசியில், கம்பெனி நொடித்துக் கிடக்கிறது, கொடுக்கச் சக்தியில்லை என்றார்கள். இந்தச் சட்டம் முதலாளியின் பணப்பையைப் பார்த்துப் பொருந்துவதல்ல என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. இந்திய முதலாளிக்குச் சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதை இந்த வழக்குதான் காட்டியது.

ஆனால் அதே சட்டம் ஏர் இந்தியாவில் வேறு மாதிரி போனது. விமானத்துக்குள் ஒரே பயணிகளைக் கவனித்த பணிப்பெண்களும் ஆண் பணியாளர்களும் வெவ்வேறு வகை ஊழியர்கள், அவர்களை ஒப்பிட முடியாது என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வித்தியாசத்துக்குக் காரணம் பாலினம் அல்ல என்று மத்திய அரசே அறிவித்துவிட இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அந்த அறிவிப்பும் நிர்வாகத்துக்குக் கைகொடுத்தது. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. சம்பளத்தில் மட்டும் கை வைக்கவில்லை. பணிக்கு ஆளெடுப்பதே தனித்தனியாக இருந்தால், பதவிப் பெயரும் பதவி உயர்வும் தனித்தனியாக இருந்தால், சட்டம் வாசலிலேயே நின்றுவிடும் என்று மற்றவர்கள் அதில் பாடம் படித்தார்கள்.

சட்டம் சுத்தமாக வேலை செய்த இடம் எது என்று தேடினால் மலைக்குத்தான் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் ஆண் கூலி, பெண் கூலி என்று அதுவரை இரண்டு விகிதங்கள் எழுத்திலேயே இருந்தன. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆண்கள். வேலை வேறு வேறுதான். ஆனாலும் நாட்கூலி ஒன்றாயிற்று. காரணம், அங்கே எல்லாமே எழுத்தில் இருந்தது: வருகைப் பதிவேடான செக்ரோல், நிறுத்துப் போட்ட கொழுந்தின் கணக்கு, தொழிற்சங்கம், முத்தரப்புப் பேச்சுவார்த்தை. மறைக்க இடமில்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இந்தச் சமன்பாடு 1984-இல்தான் வந்தது, அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. ஆண்கள் தங்கள் கணக்கு வேலையை முடித்துவிட்டு மத்தியானமே இறங்கிவிட, பெண்கள் மாலை வரை மலையில் நின்ற நிலைமை அதனாலும் மாறவில்லை. கங்காணி வேலையில் பெண்களைப் பார்ப்பதும் அபூர்வமாகவே இருந்தது. நாட்கூலி சமமாகிவிட்டது, ஏணி சமமாகவில்லை.

மலையை விட்டு இறங்கி வயலுக்கு வந்தால் எழுத்தே கிடையாது. நாற்று நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. வரப்பு வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆண்கள் வேலை. கூலியை ஊர்தான் தீர்மானிக்கிறது. நாள் முழுக்க இடுப்பு வளைந்து சேற்றில் நிற்பது எந்த விதத்தில் மண்வெட்டி பிடிப்பதைவிட லேசு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சட்டம் உதவாது, ஏனென்றால் அது ‘ஒரே மாதிரியான வேலை’யை மட்டுமே ஒப்பிடும். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கதை இதுதான். பீஸ் ரேட் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் கட்டிங்கில் யார் இருக்கிறார்கள், கைமடியிலும் செக்கிங்கிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

கட்டட வேலையில் இன்னொரு சிக்கல்: முதலாளி யார்? வீட்டுக்காரரா, பில்டரா, சனிக்கிழமை கூலி பிரிக்கும் மேஸ்திரியா? டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டுமானம் நடந்தபோது இது உச்ச நீதிமன்றம் வரை போனது. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ஒன்பதே கால் ரூபாய். பெண்களின் கைக்கு வந்தது ஏழு ரூபாய். மிச்சம் இடைத்தரகர்களான ஜமாதார்களிடம். ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று அரசு ஒதுங்க முடியாது, அவர் சட்டப்படி நடக்கிறாரா என்று பார்ப்பது வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் மனத்தில் வைக்க வேண்டிய தீர்ப்பு.

கிராமத்தில் சம கூலி வந்தது தொழிலாளர் ஆய்வாளரால் அல்ல, நூறு நாள் வேலையால். 2005-இல் வந்த அந்தச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும் பகுதி பெண்கள். ‘அது வந்ததிலிருந்து ஆளே கிடைக்கவில்லை’ என்று நிலக்காரர்கள் புலம்பியது நியாயமான புலம்பல்தான். குறைந்த கூலிக்கு வந்துகொண்டிருந்த ஆளுக்கு வேறு கதவு திறந்தது. பக்கத்திலேயே சமமாகக் கொடுக்கும் இன்னொரு முதலாளி வந்துவிட்டால், சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே கூலி அசைகிறது.

ஒப்பிட ஆள் இல்லை என்ற ஓட்டையை அடைக்க முடியுமா? பிரிட்டன் முயன்று பார்த்தது. டாகன்ஹாமில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் இருக்கை உறை தைத்த பெண்கள் 1968-இல் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் தையலைத் திறன் குறைந்த வேலை என்று தரம் பிரித்ததுதான் அவர்களின் முதல் ஆத்திரம். ஆண்களின் கூலியில் 85 சதவீதமாக இருந்தது 92 சதவீதமானது. அமைச்சர் பார்பரா காசில் 1970-இல் சம ஊதியச் சட்டத்தைக் கொண்டுவந்தார். முதலாளிகள் தயாராகட்டும் என்று ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 1975 டிசம்பர் 29-இல்தான் அமலுக்கு வந்தது. அவகாசத்தைச் சிலர் சம்பளத்தைப் படிப்படியாக ஏற்றப் பயன்படுத்தினார்கள். சிலர் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவைக்கப் பயன்படுத்தினார்கள். இருந்தும் பெண்களின் சராசரி ஊதியம் ஆண்களோடு ஒப்பிட்டால் அந்தப் பத்தாண்டில் தெளிவாக ஏறியது. பெண்களை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தவர்கள் எதிர்பார்த்தபடி பெண்களின் வேலைவாய்ப்பு சரியவும் இல்லை.

பிறகு 1984 முதல் அங்கே ‘சம மதிப்புள்ள வேலை’ என்ற விதி வந்தது. கேமல் லேர்ட் கப்பல் கட்டும் தளத்தின் கேன்டீனில் சமைத்த ஒரு பெண், தன் வேலை அதே தளத்தின் பெயின்டர், தச்சர் வேலைக்கு மதிப்பில் சமம் என்று வழக்காடி 1988-இல் இறுதியாக ஜெயித்தார். வேலையின் பெயரை மாற்றி ஒளிந்துகொள்ளும் வழி அங்கே குறுகிவிட்டது. அதன் சுமை எவ்வளவு என்பதற்குப் பர்மிங்காம் மாநகராட்சி உதாரணம். குப்பை அள்ளும் ஆண்களுக்கு போனஸ், அதே தரத்தில் இருந்த சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைப் பெண்களுக்கு அது இல்லை. ஏறக்குறைய 110 கோடி பவுண்டு பாக்கி கொடுத்த பிறகும் கணக்குத் தீரவில்லை. 2023 செப்டம்பரில் கையில் பணமில்லை என்று அந்த மாநகராட்சியே அறிவிக்க வேண்டியதாயிற்று. சம சம்பளம் முதலாளியை மூழ்கடிக்கும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட பாக்கி ஒரே நாளில் கதவைத் தட்டினால் எந்தப் பாக்கியும் மூழ்கடிக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியா அந்த வழியில் போகவில்லை. 1976 சட்டத்தை 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். அது 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. பெண் என்றிருந்த இடம் ‘பாலினம்’ என்றாயிற்று. திருநர்களும் இதனால் உள்ளே வருகிறார்கள். இது நல்ல மாற்றம். இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. திறமை, உழைப்பு, பொறுப்பு என்று மூன்றாக இருந்த அளவுகோலில் ‘அனுபவம்’ என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைப் பேற்றுக்காக நான்கைந்து ஆண்டு வேலையை விட்டுவிட்டுத் திரும்பும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்க இது ஒரு கௌரவமான காரணமாகிவிடும். அந்த அனுபவம் அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவைதானா என்று கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. யாராவது கேட்க வேண்டும்.

தண்டனையும் இளகியிருக்கிறது. குறைத்துக் கொடுத்தால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். சிறை என்பது ஐந்தாண்டுக்குள் மறுபடி செய்தால்தான். பெரும்பாலான மீறல்களுக்கு வழக்குத் தொடுக்கும் முன் திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும். ஆனால் பாக்கி விஷயத்தில் பிடி இறுகியிருக்கிறது. நிலுவையோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். முழுதாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அடிப்படைச் சம்பளத்தைச் சமமாக வைத்துவிட்டுப் படிகளில் வித்தியாசம் காட்டும் பழைய உத்தியும் செல்லாது: சம ஊதியக் கணக்கில் வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் எல்லாம் சேரும்.

சின்ன நிறுவனம் நடத்துகிறவர் இதனால் பயப்பட வேண்டியதில்லை. வித்தியாசமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சீனியாரிட்டி, உற்பத்தி, இரவு ஷிப்டு இவற்றுக்காகக் கூட்டிக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, அந்தக் காரணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அது எழுத்திலும் இருந்தால் நல்லது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக வருபவரிடம் ‘முன்னே எவ்வளவு வாங்கினீங்க?’ என்று கேட்டு, அதன்மேல் கொஞ்சம் போட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பழைய முதலாளி குறைத்துக் கொடுத்தது அப்படியே புதிய முதலாளியின் ஏட்டுக்கு வந்துவிடுகிறது. கெட்ட எண்ணமே இல்லாமல் பாகுபாடு நடக்கிறது. வேலைக்கு இன்ன சம்பளம் என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டு ஆள் தேடுவது மேல்.

சம்பளம் குறைகிறது என்று சந்தேகப்படும் பெண், இதற்கென அரசு நியமித்த அதிகாரியிடம் மூன்று ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். அவருக்காகத் தொழிற்சங்கமும் கொடுக்கலாம். வேலையைச் சொல்லும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அதே வேலை பார்க்கும் ஆணின் சம்பள விவரம் ஆகிய மூன்றும் இருந்தால் நல்லது. முதல் இரண்டும் தன் கையிலேயே இருக்கக்கூடியவை. மூன்றாவதற்கு, பக்கத்து மேசைக்காரர் வாய் திறக்க வேண்டும். சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்று பல அலுவலகங்கள் அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.